சத்தம் எங்க போச்சு மாப்ளே?

வாங்க மாப்ளே. வீட்டுக் கம்ப்யூட்டர் ஊமையாயிருச்சாமே? புது சவுண்ட் கார்டு வாங்க டவுனுக்குக் கிளம்பிட்டீகளாம். போங்க, போங்க. கடைக்காரரும் புள்ளகுட்டிக்காரர்தானே.

ஸ்பீக்கருக்குக் கரண்டு போட்டீகளான்னு நான் கேக்க மாட்டேன். படிச்ச புள்ள, கோவம் வந்துரும். ஆனா புது மானிட்டரை எச்டிஎம்ஐ வயர்ல மாட்டினீகளே, அன்னையிலேருந்துதான இந்த ஊமை? அந்த வயர்ல படத்தோட சத்தமும் போகும். கல்யாணமான புதுசுல நீங்க மாமியா வீட்டுப் பக்கமே சாஞ்சு கெடந்தீகளே, விண்டோஸும் அப்படித்தான். மானிட்டரைக் கண்டதும் சத்தத்தை அங்க கொண்டுபோய்க் கொட்டிரும். நீங்க வாங்குன மானிட்டருக்கு ஸ்பீக்கரே கெடையாது. ஸ்கிரீன்ல வலது கைப்பக்கம் கீழ் மூலையில ஸ்பீக்கர் படம் இருக்கும். அதை அமுக்கி, மானிட்டர் பேரு இருந்தா பழைய ஸ்பீக்கருக்கு மாத்துங்க. பத்துல பாதி சீக்கு அங்கயே தீரும்.

தீரலையா, கம்ப்யூட்டர் பொட்டிக்குப் பின்னாடி குனிஞ்சு பாருங்க. பச்சை ஓட்டை ஸ்பீக்கருக்கு, ரோஸு மைக்குக்கு, நீலம் வெளியிலேருந்து சத்தம் உள்ள வர. இன்டெலும் மைக்ரோசாப்ட்டும் பிசி 99-ன்னு விதி எழுதி வச்ச கலரு. சேலைக் கடையில மட்டும் கலர் பாத்தாப் பத்தாது மாப்ளே. முன்பக்க ஓட்டையில மட்டும் சத்தம் வரலைன்னா, உள்ள மதர்போர்டுக்குப் போற வயரை அசெம்பிள் பண்ணுன மகராசன் சொருகாமலே மூடியிருப்பான்.

அப்புறம் டிரைவர், அதாவது சவுண்ட் கார்டை விண்டோஸோட பேச வைக்கிற சாப்ட்வேர். டிவைஸ் மேனேஜர்ல மஞ்ச முக்கோணம் தெரிஞ்சா அதை அன்இன்ஸ்டால் பண்ணி ரீஸ்டார்ட் போடுங்க. விண்டோஸே பெரும்பாலும் ஒண்ணைப் போட்டுக்கும். இதுக்கே அலுத்துக்கிறீக! டாஸ் காலத்துல சவுண்ட் பிளாஸ்டர் கார்டு வச்சிருந்தவனைக் கேளுங்க. கேம் போட்டா அட்ரஸ் 220, ஐஆர்க்யூ 5, டிஎம்ஏ 1-ன்னு வாய்ப்பாடு ஒப்பிக்கணும். ஐஆர்க்யூ தப்பாப் போட்டா ஒத்தைத் துப்பாக்கிச் சத்தத்தையே திருப்பித் திருப்பிச் சொல்லிட்டு மிஷின் உறைஞ்சு நிக்கும்.

எதுக்கும் மசியலைன்னா, பென்டிரைவ்ல லினக்ஸ் போட்டு பூட் பண்ணிப் பாருங்க. அங்க பாடுச்சுன்னா கார்டு மேல பழி போடாதீக. அங்கயும் பேசலைன்னா தாராளமா டவுனுக்குப் போங்க. யுஎஸ்பியில சொருகுற குட்டி சவுண்ட் கார்டு சில நூறு ரூவாய்க்கே கெடைக்கும். சொருகிட்டு, அதையும் அந்த மூலையில தேர்ந்தெடுக்கணும். அதை மறந்துட்டு ராத்திரி பத்து மணிக்கு எனக்குப் போன் அடிக்காதீக.