விளக்கெண்ணெய் மகாத்மியம்

மனித சரீரத்தில் கண்ணுக்கும் இதயத்துக்கும் கவிகள் செய்திருக்கும் மரியாதையில் நூற்றில் ஒரு பங்குகூடப் பெருங்குடலுக்குச் செய்ததில்லை என்றாலும், நாற்பதைக் கடந்த எந்தக் கனவானையும் விடியற்காலையில் சந்தித்து, அவருடைய அன்றைய மனோநிலைக்குக் காரணம் கண்ணா, இதயமா, குடலா என்று விசாரித்தால், உண்மை பேசும் சுபாவம் உள்ளவராயிருக்கும் பட்சத்தில், மூன்றாவதைத்தான் சொல்லுவார். எங்கள் தாத்தா கேட்காமலே சொல்லுவார். திண்ணைக்கு வருகிறவர் யாராயினும், தாத்தாவின் காலைக் கடன் நிறைவேறிய வர்த்தமானத்தைப் பூராவும் கேட்டுக்கொண்ட பிறகே தாம் வந்த காரியத்தைப் பேச முடியும்.

நான்கு மாதத்துக்கு ஒரு முறை பேதிக்குச் சாப்பிட வேண்டும் என்பது சித்தர் தேரையர் வகுத்த விதி. எங்கள் வீட்டார் கருணை கூர்ந்து அதைக் கோடை விடுமுறையில் ஒரே ஒரு நாளாகச் சுருக்கியிருந்தார்கள். அன்று விடியும்போதே பாட்டி எங்களை வயது வரிசையில் நிறுத்தி, சூடான காப்பியில் விளக்கெண்ணெயை ஊற்றி ஆற்றி நீட்டுவாள். காப்பியின் மணத்தை நம்பி வாயருகே கொண்டுபோனவன் கண்ணுக்கு, மேலே வட்டம் வட்டமாக மிதக்கும் எண்ணெய் அப்போதுதான் தெரியும். ஊதினால் அந்த வட்டங்கள் மரியாதையாக எதிர்க் கரைக்கு ஒதுங்கும், ஊதுவதை நிறுத்தியதும் உதட்டைத் தேடித் திரும்பி வரும். “கண்ணை மூடிக்கிட்டு ஒரே மடக்கா குடிச்சிரு, ராசா!” என்பாள் பாட்டி. குடித்து முடித்தவனுக்கு உப்பு நார்த்தங்காய் ஒரு துண்டு சன்மானம்.

கொல்லைக் கோடியில் இருந்த கழிப்பிடமோ ஒன்றே ஒன்று; அத்தை பிள்ளைகள், சித்தி பிள்ளைகள் உள்பட நாங்களோ ஒரு பட்டாளம். இராமனுக்காகப் பரதன் ராஜ்யத்தையே துறந்தான் என்று படித்திருந்த நாங்கள், அன்று அந்தத் தகரக் கதவுக்கு வெளியே நின்றபோதுதான், சகோதர வாத்சல்யத்துக்கும் ஓர் எல்லை உண்டு என்று கண்டுகொண்டோம். தாத்தா திண்ணையிலிருந்தபடியே, “எத்தனை ஆச்சு?” என்று குரல் கொடுப்பார். குறைத்துச் சொன்னவனுக்கு வேகம் கூட்ட வெந்நீர். கூட்டிச் சொன்னவனுக்கு நிறுத்துவதற்கு மோர். பிற்காலத்தில் எங்களில் சிலர் வருமான வரிக் கணக்கு எழுதுவதில் காட்டிய சாமர்த்தியத்துக்கு அஸ்திவாரம் இங்கேதான் விழுந்தது. ஆமணக்கின் எண்ணெய் சிறுகுடலில் பிரிந்து ரிசினோலியிக் அமிலமாகிக் குடலைச் சுருங்கத் தூண்டுகிறது என்கிறது சாஸ்திரம். பாட்டிக்கு அமிலத்தின் பெயர் தெரியாது, காரியம் தெரியும்.

இந்தப் பித்து நமக்கு மட்டும் உரித்தானதன்று. லண்டன் கைஸ் ஆஸ்பத்திரியின் பிரசித்தி பெற்ற சத்திர சிகிச்சை நிபுணர் சர் ஆர்பத்நாட் லேன், தேங்கும் மலத்தின் விஷம் தேகமெங்கும் பரவுகிறது என்று திடமாக நம்பி, மலச்சிக்கல் என்று வந்தவர்கள் பலருக்குப் பெருங்குடலையே அறுத்து எடுத்துவிட்டார். பாட்டியாவது குடலை எங்களிடமே விட்டுவைத்தாள்! 1908-ல் நோபல் பரிசு பெற்ற மெச்னிகாஃபும் மூப்புக்குக் காரணம் பெருங்குடல் கிருமிகளே என்று கருதி, நாள்தோறும் புளித்த பால் அருந்தி வந்து, 71-ஆம் வயதில் காலமானார். தயிர்ச் சாதத்தை நம்பியே தொண்ணூறைத் தொட்டவர்கள் எங்கள் தெருவில் உண்டு. அவர்களுக்கு யாரும் பரிசு கொடுக்கவில்லை. மேல்நாட்டு மருந்துக் கடைகளில் திருநெல்வேலிச் சென்னா என்ற பெயரில் பேதிக்கு விற்றது நம் நிலாவாரை இலைதான் என்பதில் எனக்குக் கொஞ்சம் தேசாபிமானமும் உண்டு.

இப்போது குளிரூட்டிய அறையில் படுக்க வைத்து, ரப்பர்க் குழாயால் வெதுவெதுப்பான நீரைக் குடலுக்குள் ஏற்றி அலம்பி விடுகிறார்கள். சாக்கடைக் குழாயில் போல வருஷக் கணக்கான கசடு உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பது அவர்கள் விளம்பரம். ஐந்தடி நீளமுள்ள பெருங்குடலின் உள்தோலோ சில நாட்களுக்கொரு முறை தானாகவே புதுப்பித்துக்கொள்கிறது; குழாய் விட்டுக் கண்ணால் பார்க்கும் வைத்தியர்கள் அப்படிப்பட்ட கசடு எதையும் கண்டதில்லை. இந்த ஸ்நானத்தால் உடம்பின் உப்புச் சத்துகள் நிலைகுலைவதும், அபூர்வமாகக் குடலில் ஓட்டை விழுவதும் நடந்திருக்கின்றன. என் நண்பர் ஒருவர், நான் தடுத்தும் கேளாமல் பெருந்தொகை கொடுத்து இதைச் செய்துகொண்டு, அலம்பிய கையோடு பரோட்டாக் கடைக்குள் நுழைந்தார்.

குடல் கேட்பது சொற்பம்: கீரை, வாழைத்தண்டு, கொய்யா, தோலுள்ள பயறு, போதிய தண்ணீர், கொஞ்சம் நடை. காலைக் காப்பியோ பலகாரமோ வயிற்றில் இறங்கியதும் பெருங்குடல் தானாகவே அசைந்து அழைப்பு விடுக்கும். எட்டரை மணி பஸ்ஸுக்காக அந்த அழைப்பைத் தினமும் அலட்சியம் செய்துவிட்டு, மாலையில் சூரணம் தேடுவது நியாயமன்று. ஆனால் மலத்தில் ரத்தம் கண்டாலோ, பல காலப் பழக்கம் திடீரென்று மாறி வாரக் கணக்கில் நீடித்தாலோ, விளக்கெண்ணெய்ப் புட்டியைத் தொடாமல், கூச்சத்தை விட்டு அந்த வாரத்திலேயே டாக்டரிடம் போய்ச் சேருங்கள்.