கயாக்காரர்

பெங்களூர் சர்ஜாபூர் சாலைப் பக்கம் நான் குடியிருக்கும் அபார்ட்மெண்டின் லாஃப்டுகளை எல்லாம் திறந்து பார்த்தால், மனிதர்கள் என்னென்ன ஆக ஆசைப்பட்டார்கள் என்று ஒரு சரித்திரமே எழுதலாம். கிடார், டெலஸ்கோப், காற்றுப் போன ஜிம் பந்து, மூன்றாம் பாடத்தோடு நின்ற ஸ்பானிஷ் புத்தகம். கயாக் மட்டும் ஒரே ஒரு வீட்டில்தான் உண்டு. ஒன்பதாவது மாடி, எனக்கு எதிர்வீடு.

மாரத்தான்காரர் ஐந்து மணிக்கு எழுந்து ஓடிவிடுகிறார். சைக்கிள்காரர் நந்தி மலை வரை மிதித்துவிட்டு, வழியில் தட்டே இட்லி சாப்பிட்டுத் திரும்புகிறார். பாவம், இவர்களெல்லாம் எதையாவது செய்து தொலைக்கிறார்கள். கயாக்காரர் அந்த ரகம் இல்லை. அவருக்கு வேண்டியது ஏரி. அதுவும் ஆல்பைன் ஏரி. பனிமலை இடுக்கில், நீலப்பச்சையாக, ஒரு சலனமும் இல்லாமல் கிடக்க வேண்டும். அது கிடைக்கிறவரை தயாராகிக்கொண்டே இருப்பார்.

கயாக் வந்த நாள் நினைவிருக்கிறது. 2021, ஊரடங்கு ஓய்ந்து எல்லோரும் எதையாவது வாங்கிக்கொண்டிருந்த சமயம். காற்றடிக்கிற வகைதான், மடித்தால் ஒரு பெரிய முதுகுப்பை. கேட்டில் வாட்ச்மேன் தாத்தா பையின் மேல் இருந்த படத்தைத் தடவிப் பார்த்தார். “தோணியா சார்?” என்றார். ஆமாம் என்றதும் நாலு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டு, “நீரு எல்லி சார்? தண்ணி எங்கே?” என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் அதைவிடச் சரியான கேள்வியை யாரும் கேட்கவில்லை.

முதல் ஓட்டம் ஹாலில் நடந்தது. சோபாவை ஓரங்கட்டி, கால் பம்பை மிதித்து, கயாக்கை ஊதி நிறுத்தினார். உள்ளே கால் நீட்டி உட்கார்ந்து துடுப்பைச் சுழற்றினார். துடுப்பு இரண்டு பக்கமும் இலை உள்ளது, நீளம் 230 சென்டிமீட்டர். சீலிங் ஃபேனுக்கு இந்த விவரம் யாரும் சொல்லி வைக்கவில்லை. இன்றைக்கும் அந்த வீட்டு ஃபேன் ஒரு றெக்கை வளைந்து ‘கடக் கடக்’ என்றுதான் சுற்றுகிறது. “கையால தள்ளக் கூடாது சார், இடுப்புலேருந்து திரும்பணும்” என்று எனக்குப் பாடம் எடுத்தார். அவர் மனைவி சமையலறையிலிருந்து, “அப்படியே இடுப்புலேருந்து திரும்பி அந்தக் குப்பைப் பையைக் கீழே வெச்சுட்டு வாங்க” என்றார்.

படிப்பில் குறை சொல்ல முடியாது. கயாக் என்பது ஆர்க்டிக் பக்கத்து இனுவிட் மக்களின் வேட்டைப் படகு, எலும்பும் கரையொதுங்கிய மரமும் சேர்த்துக் கட்டிய கூட்டின் மேல் கடல்நாய்த் தோல் போர்த்தியது, கவிழ்ந்தால் வெளியே வராமல் அப்படியே உருண்டு நிமிர்ந்துகொள்வார்கள் என்று எல்லாம் சொல்வார். நம்மூர்க் கட்டுமரத்தின் பெயரைத்தான் ஆங்கிலேயன் கேட்டமரான் ஆக்கிக்கொண்டான் என்று நான் ஒருமுறை மார்தட்டப் போக, “அதெல்லாம் கடல் சார், வேற டொமைன்” என்று முடித்துவிட்டார்.

மலை ஏரிக்கு ஏன் அந்த நிறம் என்பதுதான் அவருடைய பிரதானக் கச்சேரி. பனியாறு நகரும்போது அடியில் இருக்கும் பாறையை அரைத்து மாவாக்குகிறதாம். அந்தக் கல்மாவு அடியில் படியாமல் தண்ணீரிலேயே மிதக்க, அதன் மேல் வெயில் பட்டுச் சிதறி நீலப்பச்சையாகத் தெரிகிறதாம். கனடாவின் மொரெய்ன் ஏரிப் படத்தை டிவியில் போட்டு விளக்கினார். “ஓ, கிரைண்டர் கழுவின தண்ணி மாதிரி” என்றார் அவர் மனைவி. கயாக்காரர் மூன்று நாள் பேசவில்லை. அம்மணி சொன்னதில் விஞ்ஞானப் பிழை ஏதும் எனக்குத் தெரியவில்லை.

உள்ளூர் ஏரிகளில் ஒன்றுகூட அவர் பரீட்சையில் தேறியதில்லை. பெள்ளந்தூர் ஏரி நுரைத்ததும் 2017-லும் 2018-லும் தீப்பிடித்ததும் உலகமே பார்த்த சங்கதி. “அங்கே போக லைஃப் ஜாக்கெட் பத்தாது சார், தீயணைப்புப் பயிற்சி வேணும்” என்பார். அது நியாயம்தான். சரி, மலைமேல்தானே வேண்டும், கொடைக்கானல் போகலாமே என்றேன். “1863-ல லெவிஞ்சுன்னு ஒரு மதுரை கலெக்டர் உண்டாக்கினது சார் அது. கலெக்டர் கட்டினா அதுக்குப் பேர் குளம்.” ஊட்டி? “அது சல்லிவன். அவரும் கலெக்டர்.” அல்சூர் ஏரியை எடுத்துச் சொல்ல எனக்கு வாயே வரவில்லை. அல்சூர் என்றதும் இன்னொன்று தோன்றுகிறது. 1991 முதல் 2009 ஆகஸ்ட் வரை அங்கே சுற்றிக் கட்டி வைத்திருந்த வள்ளுவர் சிலைக்கு அடுத்தபடியாக, இந்த ஊரில் திறப்பு விழாவுக்கு இவ்வளவு பொறுமையாகக் காத்திருக்கும் பொருள் அந்தக் கயாக்தான்.

2024 மார்ச்சில் ஊருக்கே தண்ணீர் இல்லை. குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்திருந்தது. டேங்கர் எப்போது வரும் என்று நாங்கள் பால்கனியில் காத்துக் கிடக்க, இவர் ஒரு பக்கெட்டில் ஐஸ் கட்டிகளைக் கொட்டிக் கால்களை விட்டு உட்கார்ந்திருந்தார். குளிர்ந்த தண்ணீரில் திடீரென்று விழுந்தால் முதல் நிமிஷம் மூச்சு தானாக இழுத்துக்கொள்ளும், அப்போது வாய் தண்ணீருக்குள் இருந்தால் ஆள் காலி, அதற்குப் பழக வேண்டும் என்றார். “காத்துக்கு டிரஸ் பண்ணக் கூடாது சார், தண்ணிக்கு டிரஸ் பண்ணணும்.” தண்ணிக்கா? அந்த மாதம் நாங்கள் தண்ணிக்குப் பூஜையே பண்ணிக்கொண்டிருந்தோம். ஐஸ் உருகியதும் அதே பக்கெட்டை வாங்கி அவர் மனைவி துளசிக்கு ஊற்றினார்.

கடைசியில் லடாக் கிளம்பினார். விமானத்தில் 15 கிலோதான் அனுமதி. கயாக், பம்ப் எல்லாம் சேர்த்து 18 கிலோ. கவுண்டரில் நடந்த வாக்குவாதத்தை விட்டுவிடுவோம்; முடிவாகக் கயாக் ஏர்போர்ட்டிலிருந்து டாக்ஸியில் வீடு திரும்பியது, துடுப்பு மட்டும் நான்காகக் கழன்று பறந்தது. லே 3,500 மீட்டர் உயரம். இறங்கியவுடன் இரண்டு நாள் சும்மா கிடக்கச் சொல்வார்கள். இவர் தலைவலியில் மூன்று நாள் கிடந்தார். பிறகு 4,200 மீட்டருக்கு மேலே பாங்காங் ஏரிக்கரையில், துடுப்பைப் பூட்டிக் கையில் பிடித்து, பழனி ஆண்டவர் தண்டத்தோடு நிற்கிற மாதிரி ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்பினார். “எப்படி இருந்துச்சு?” என்றேன். “பிரமாதம் சார். ஆனா உப்புத் தண்ணி” என்றார், பெண் பார்த்துவிட்டு வந்தவர் குரலில்.

இதையெல்லாம் கேட்பவர்களுக்கு அந்தக் கயாக் தண்ணீரையே தொட்டதில்லை என்று தோன்றும். அவரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார். அது பொய். நான் கண்ணால் பார்த்தவன்.

2022 செப்டம்பர் 4, ஞாயிறு ராத்திரி. விடிவதற்குள் 130 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்துவிட்டது. காலையில் எட்டிப் பார்த்தால் கார் பார்க்கிங் இல்லை, காம்பவுண்டுச் சாலை இல்லை, காபி நிறத்தில் ஒரே வெள்ளம். கரண்ட் போய் லிஃப்ட் நின்றுவிட்டது. நெட்வொர்க் இல்லை. இந்தப் பக்கத்துச் சாலைகளில் ஐ.டி. கனவான்கள் டிராக்டர் ஏறி ஆபீஸ் போன படங்கள் மறுநாள் பேப்பரில் வந்தன. எங்கள் கேட்டுக்கு அன்று காலை டிராக்டரும் வரவில்லை, பாலும் வரவில்லை.

ஏழு மணிக்குக் கயாக்காரர் பையை முதுகில் போட்டுக்கொண்டு ஒன்பது மாடியும் இறங்கி வந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. முதல் மாடிப் படிக்கட்டின் திருப்பத்தில் வைத்துப் பத்தே நிமிஷத்தில் ஊதினார். ஹாலில் பழகிய கால் அல்லவா? நான் கயிற்றைப் பிடித்துக்கொள்ள, உள்ளே சறுக்கி உட்கார்ந்தார். இடுப்பிலிருந்துதான் திரும்பினார். அந்த நீளத் துடுப்பு இரண்டு பக்கமும் மாறி மாறி இறங்க, பார்க்கிங் போர்டுகளுக்கு நடுவே கயாக் வளைந்து வளைந்து போன அழகை என்ன சொல்ல! மேட்டில் இருந்த பால் பூத்திலிருந்து மடியில் ஒரு நந்தினி கிரேட்டோடு திரும்பி வந்தார்.

அவ்வளவுதான், எல்லா பால்கனியிலும் குரல். “தம்பி, நீலம் ரெண்டு!” “சார், ஆரஞ்சு ஒண்ணு, தயிர் இருந்தா ஒண்ணு!” முதல் மாடியிலிருந்து கயிற்றில் பிளாஸ்டிக் கூடைகள் இறங்கின. மாமி ஒருவர் சில்லறையைச் சுருக்குப்பையில் கட்டி மேலிருந்து போட, அவர் துடுப்பின் இலையாலேயே அதை ஏந்தினார். மத்தியானம் வரை ஆறு நடை. நாலாவது நடையில் ஒரு பெரியவரின் சர்க்கரை மாத்திரையும் கைக்குழந்தை ஒன்றின் டயப்பரும் வந்தன. அவர் மனைவி பால்கனியில் நின்று ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அப்படி அவர் ஒன்றும் சொல்லாமல் நின்று நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

இந்தக் கதையை அவர் யாரிடமும் சொல்வதில்லை. போனில் ஒரு செயலி வைத்திருக்கிறார். எந்தத் தேதி, எந்த ஏரி, எத்தனை கிலோமீட்டர் என்று பதிய வேண்டும். எல்லாம் காலி. போன வாரம் கேட்டின் அருகே நின்று பேசும்போது, அந்தச் செப்டம்பர் நாளையாவது பதியக் கூடாதா என்றேன்.

“அது ஏரி இல்லையே சார்.”

ஸ்டூலில் உட்கார்ந்திருந்த வாட்ச்மேன் தாத்தா நிமிர்ந்தார். பக்கத்துக் கிராமத்துக்காரர், எங்களோடு தமிழும் கன்னடமும் கலந்து பேசுவார். “இது கெரேனே சார், ஏரிதான். நான் சின்னப் பையனா இருக்கச்சே எருமையெல்லாம் இங்கேதான் குளிப்பாட்டறது.” கை நீட்டி பி பிளாக்கைக் காட்டினார். “அங்கே மதகு.”

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. மெஜஸ்டிக் பஸ் நிலையம் இருப்பது தர்மாம்புதி ஏரியில், கண்டீரவா ஸ்டேடியம் இருப்பது சம்பங்கி ஏரியில். எங்கள் அபார்ட்மெண்ட் மட்டும் என்ன, வானத்திலிருந்தா குதித்தது?

கயாக்காரர் வெகுநேரம் பி பிளாக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போனை எடுத்து எதையோ தட்டினார். பதிகிறார் போலிருக்கிறது என்று எட்டிப் பார்த்தேன்.

“தொள்ளாயிரம் மீட்டர்தான் சார் காட்டுது” என்றார். “ஆல்பைன்ல சேராது.”