எல்லையோரத்துக் கேள்விகள், நேர் பதில்கள்

இந்த முறை வந்த தபாலில் பாதி பாலக்காடு, இடுக்கிப் பக்கத்துத் தமிழர்களுடையது. எல்லோரும் ஒரே திசையைக் காட்டிக் கேட்டிருக்கிறார்கள்: மலைக்கு அந்தப் பக்கம் முகாமில் இருக்கும் இலங்கைப் பெண்கள், அவர்கள் படிப்பு, அதற்குத் தோள் கொடுத்த தொண்டர்கள். நல்ல கேள்விகள். சுற்றி வளைக்காமல் போவோம்.

கேள்வி: கேரளாவில் இலங்கை அகதி முகாம் எத்தனை இருக்கிறது அண்ணே? (குமுளி வாசகர்)

பதில்: ஒன்றுகூட இல்லை. முகாம்கள் எல்லாம் தமிழ்நாட்டில்; ஒடிசாவின் மல்கான்கிரியில் ஒன்று. ஆனால் நீங்கள் மலையிறங்கினால் தேனி மாவட்டம். பாலக்காட்டுக்காரர் வாளையாரைத் தாண்டினால் கோவைப் பக்கம் பூலுவப்பட்டி, பொள்ளாச்சிப் பக்கம் ஆழியாறு. சபரிமலை சீசனில் இதைவிட அதிக தூரம் போய் டீ குடித்திருப்பீர்கள்.

கேள்வி: அப்படியென்றால் எங்கள் ஊருக்கு மேலே கவியில் இருக்கும் சிலோன்காரர்கள் யார்? (வண்டிப்பெரியாறு வாசகி)

பதில்: ஒப்பந்தம் போட்டுப் பங்கு பிரிக்கப்பட்டவர்கள். 1964 அக்டோபர் 30 அன்று இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்டார்கள். இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழரில் நாடற்றவர்கள் 9,75,000 பேர் என்பது கணக்கு. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். வந்தவர்களில் சிலருக்குக் கவியில் கேரள வனவளர்ச்சிக் கழகத்தின் ஏலத்தோட்டம், சிலருக்குப் புனலூரில் ரப்பர், பலருக்கு நீலகிரியில் தமிழக அரசின் டேன்டீ தேயிலைத் தோட்டம். 2012இல் 'ஆர்டினரி' படம் வந்த பிறகு கவிக்குப் பஸ் ஏறுகிறவர்கள் கூடிவிட்டார்கள். காட்டெருமையைப் படம் எடுங்கள், தப்பில்லை. அப்படியே லயத்து வாசலில் இரண்டு நிமிஷம் நின்று பேசிவிட்டும் வாருங்கள்.

கேள்வி: தாயகம் திரும்பியவருக்கும் அகதிக்கும் என்ன வித்தியாசம்? (சித்தூர் ஆசிரியை)

பதில்: முன்னவர் பாஸ்போர்ட்டோடு கப்பலில் வந்தார். பின்னவர் 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு உயிரோடு படகில் வந்தார். இருவருடைய பாட்டியும் ஒரே தோட்டத்தில் கொழுந்து பறித்திருக்கக்கூடும் டீச்சர்.

கேள்வி: முகாம் பெண்களுக்குப் படிப்பு சொல்லித் தந்தது யார்? வெளிநாட்டுக்காரர்களா? (கொழிஞ்சாம்பாறை வாசகர்)

பதில்: பக்கத்து வீட்டு அக்கா! ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் 1984இல் சென்னையில் தொடங்கியது. தொடங்கியவர் வழக்கறிஞர் எஸ்.சி. சந்திரகாசன். சம்பளத்துக்கு ஆள் வைத்து நடத்திய கடை இல்லை அது. அகதிகளே தொண்டர்கள், அவர்களில் பெண்கள் ஏராளம். பத்துக்குப் பத்து அறையில் குடும்பத்தையும் வைத்துக்கொண்டு, சாயங்காலம் முகாம் பிள்ளைகளை உட்கார வைத்துக் கணக்கும் ஆங்கிலமும் சொல்லித் தந்தவர்கள் இவர்கள். நன்கொடை வெளியிலிருந்து வந்தது, நாலு பேர் துணை நின்றார்கள், உண்மைதான். உழைப்பு உள்ளூர்.

கேள்வி: சந்திரகாசன் யார் வீட்டுப் பிள்ளை? (தேவிகுளம் வாசகர்)

பதில்: தந்தை செல்வா என்கிற செல்வநாயகம் வீட்டுப் பிள்ளை. 1948இல் இலங்கை அரசு சட்டம் போட்டு மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பிடுங்கியபோது, செல்வநாயகம் ஜி.ஜி. பொன்னம்பலத்தின் தமிழ்க் காங்கிரசை விட்டு வெளியேறி, 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். தன் தொகுதிக்காரர்களே அல்லாத தேயிலைத் தொழிலாளிக்காகக் கட்சியை உடைத்த மனிதர். அப்பா மேடையில் கேட்ட நியாயத்தை மகன் முகாமுக்குள் கொண்டுபோனார். இப்படிப்பட்ட வாரிசு வந்தால் ஆரத்தி எடுக்கலாம்.

கேள்வி: பசியோடு வந்தவர்களுக்குப் புத்தகம் கொடுப்பது நியாயமா? (நெடுங்கண்டம் வாசகர்)

பதில்: நகையைப் படகுக்காரரிடம் கொடுத்தார்கள். நிலத்தை ராணுவம் எடுத்துக்கொண்டது. ஐந்தாம் வகுப்பு வரை படித்த படிப்பை யாராலும் பறிக்க முடியவில்லை. அதை ஆறாக்குவதுதான் முதல் வேலை என்று அந்தத் தாய்மார்களே முடிவு செய்தார்கள். சோறும் வேண்டும் என்றார்கள், சிலேட்டும் வேண்டும் என்றார்கள். கேட்டவர்கள் அவர்கள். நியாயமா என்று தீர்ப்புச் சொல்ல நாம் யார்?

கேள்வி: இவர்கள் படிப்புக்கு என்றாவது தடை வந்ததா? (போடி வாசகி)

பதில்: வந்தது. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், இது தெரிய வேண்டிய கதை. 1991 மே 21, ஸ்ரீபெரும்புதூர். ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். கொன்ற இலங்கை ஆயுத இயக்கத்தின் மீது நாட்டுக்கு வந்த கோபம் முகாமில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தவர்கள் மீது விழுந்தது. பள்ளி, கல்லூரிச் சேர்க்கைக் கதவு சாத்தப்பட்டது. தொண்டு நிறுவனங்கள் முகாமுக்குள் வரக் கூடாது என்றார்கள். பிளஸ் டூ முடித்த பெண்ணுக்கு அடுத்து என்ன? கல்யாணம் அல்லது கல் சுமப்பது.

அப்போதுதான் உள்ளேயே இருந்த தொண்டர்களின் அருமை தெரிந்தது. வெளியாளை வாசலில் நிறுத்தலாம். உள்ளேயே குடியிருக்கிற டீச்சரை எந்த வாசலில் நிறுத்துவது? வகுப்பு நடந்தது. மனுக்கள் போயின. பிள்ளைகளுக்கு ராஜீவ் கொலையில் என்ன பங்கு என்ற ஒற்றைக் கேள்வியை விடாமல் கேட்டார்கள். கதவு திரும்பத் திறக்க ஆண்டுகள் ஆயின. இடையில் பருவம் தப்பிப்போன பெண்களுக்கு யாரும் ஈடு கொடுக்கவில்லை.

கேள்வி: தொண்டர்கள் பெண்களை மட்டும் ஏன் பிடித்துக்கொண்டார்கள்? ஆண்கள் என்ன பாவம் செய்தார்கள்? (கம்பம் வாசகர்)

பதில்: ஆண்கள் பெயிண்ட் டப்பாவோடு ஊர் ஊராகப் போய்விடுவார்கள். ரேஷன், வருவாய் ஆய்வாளரின் ஆள் தணிக்கை, பிள்ளையின் மாற்றுச் சான்றிதழ், கிழவியின் மருந்து, எல்லாம் வீட்டில் இருக்கும் பெண் தலையில். முகாமை நடத்துவது யாரோ அவரிடம்தானே பேச வேண்டும்? சுய உதவிக் குழு, தையல், கணக்கு எழுதும் பயிற்சி எல்லாம் அப்படி வந்தவை.

கேள்வி: அகதிப் பெண்கள் பாசி வளர்த்தார்களாமே, அலங்கார மீனுக்கா? (கொல்லங்கோடு வாசகர்)

பதில்: பிள்ளைகளுக்கு. சுருள்பாசி என்கிற ஸ்பைருலினா. புரதம் கொட்டிக் கிடக்கும் பச்சைப் பொடி. சத்துக் குறைந்த முகாம் குழந்தைகளுக்குக் கொடுக்கத் தொட்டி கட்டி, பயிற்சி எடுத்து, பெண்களே வளர்த்துக் காயவைத்தார்கள். முகம் சுளித்துக்கொண்டு தின்ற பிள்ளைகள் பிறகு பள்ளிக்கூடத்தில் தூங்கவில்லை.

கேள்வி: வாங்கிக்கொண்டே இருந்தார்களே, திருப்பி என்ன கொடுத்தார்கள்? (பெயர் போடாத வாசகர்)

பதில்: 2004 சுனாமியில் நம் கடற்கரை நொறுங்கியபோது, முகாமிலிருந்து தொண்டர்கள் கிளம்பிப்போய் பிள்ளையைப் பறிகொடுத்த நம் மீனவத் தாய்மார்களின் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். எல்லாம் இழந்தவரிடம் எப்படிப் பேச வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அடுத்த முறை பெயரோடு எழுதுங்கள்.

கேள்வி: வேறு யாரும் உதவவில்லையா? (உடுமலை வாசகி)

பதில்: நிறையப் பேர். முக்கியமாக இயேசு சபையின் அகதிகள் பணி. வியட்நாம் படகு மக்களைப் பார்த்துப் பதறி, பேத்ரோ அருப்பே என்ற பாதிரியார் 1980 நவம்பர் 14 அன்று உரோமில் தொடங்கியது. 1990 முதல் தமிழகத்தில். முகாம்களில் இவர்களுடைய மாலை வகுப்புகளும் பிரபலம். ட்யூஷனுக்கு மதம் கிடையாது.

கேள்வி: மண்டபம் முகாம் ரொம்பப் பழசாமே? (பாலக்காடு கல்லூரி மாணவி)

பதில்: வெள்ளைக்காரன் காலத்தது. இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலியாகப் போகும் தமிழர்களை நிறுத்திவைத்து, நோய் பார்த்து, அனுப்பிய இடம். கொள்ளுப்பாட்டி வெளியே போன வாசல். கொள்ளுப்பேத்தி அதே வாசல் வழியாக அகதியாக உள்ளே வந்தாள். ஆய்வுக்குத் தலைப்புத் தேடுகிறீர்கள் என்றால் இதை எடுங்கள் தாயி.

கேள்வி: அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்பது சரியா? (மறையூர் வாசகர்)

பதில்: சரியில்லை. 2021இல் தமிழக அரசு சொன்ன கணக்கு: 108 முகாம்கள், 18,944 குடும்பங்கள், 58,822 பேர். அந்த ஆகஸ்டில் 317.40 கோடி ரூபாய்த் திட்டம், 7,469 புது வீடுகள் என்று அறிவித்தார்கள். மாதப் பணக்கொடை குடும்பத் தலைவருக்கு 1,000 ரூபாயிலிருந்து 1,500 ஆனது. கல்லூரி உதவித்தொகையும் கூடியது. 2023 செப்டம்பர் 17 அன்று வேலூர் மேல்மொணவூரில் முதல்வர் திறப்பு விழா நடத்தி, 1,591 வீடுகளைக் கொடுத்தார். நாற்பது வருஷம் தாமதம். ஆனாலும் சுவர் சுவர்தான், பாராட்டுகிறேன்.

கேள்வி: படித்த பெண்களுக்கு வேலை கிடைக்கிறதா? (ஆனைமலை வாசகி)

பதில்: இங்கேதான் வயிறு எரிகிறது. பட்டம் வாங்கலாம், அரசு வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது. சட்டம் படிக்கலாம், வழக்கறிஞராகப் பதிய வழக்கறிஞர் சட்டம் குடியுரிமை கேட்கும். தனியார் கம்பெனி 'முகாம் முகவரியா?' என்று இழுக்கும். பொறியியல் படித்த பெண் ஜவுளிக்கடையில் நிற்பது அவள் குற்றமில்லை.

கேள்வி: எதற்குமே குடியுரிமை கேட்காத இடம் ஒன்று சொல்லுங்களேன். (வால்பாறை வாசகர்)

பதில்: தமிழ்நாட்டின் சாதாரணக் கட்டண டவுன் பஸ். 2021 மே மாதத்திலிருந்து பெண் என்றால் டிக்கெட் இலவசம். எந்த நாடு என்று நடத்துநர் கேட்பதில்லை.

கேள்வி: முகாமில் பிறந்தவர் இந்தியர் இல்லையா? (பீர்மேடு வாசகர்)

பதில்: பிறந்த தேதியைப் பொறுத்தது. 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்திருந்தால் பிறப்பாலேயே குடிமகள். அதற்குப் பின் என்றால் அப்பா அம்மாவின் தகுதியைப் பார்ப்பார்கள். மண்டபத்தில் 1986இல் பிறந்து திருச்சி கொட்டப்பட்டு முகாமில் வாழும் பெண்ணொருவர் இந்தச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு உயர்நீதிமன்றம் போனார், பாஸ்போர்ட் வாங்கினார், 2024 ஏப்ரல் 19 அன்று மக்களவைத் தேர்தலில் ஓட்டுப் போட்டார். 38 வயதில் முதல் ஓட்டு. பிறப்புச் சான்றிதழைப் பத்திரமாக வை என்று தொண்டர்கள் ஏன் முகாம் முகாமாக அலைந்து சொன்னார்கள் என்று இப்போது புரிகிறதா?

கேள்வி: குடியுரிமைத் திருத்தச் சட்டம் இவர்களுக்கும் உண்டா? (தொடுபுழா வாசகர்)

பதில்: இல்லை. 2019 சட்டத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மட்டும். இலங்கை விடுபட்டது. அதே 2019 ஜூன் 17 அன்று உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், இந்திய வம்சாவளி முகாம்வாசிகள் 65 பேரின் வழக்கில், அவர்கள் விண்ணப்பங்களை மத்திய அரசு பரிசீலிக்க வேண்டும் என்று வழிகாட்டினார். டெல்லியில் இன்னும் அந்தக் கதவு தட்டப்பட்டுக்கொண்டிருக்கிறது.

கேள்வி: எங்கள் மூணாறுப் பெண்கள் மாதிரி இவர்களும் போராடினால் என்ன? (மூணாறு வாசகி)

பதில்: 2015 செப்டம்பரில் தேயிலைத் தோட்டத்தில் போனஸும் கூலியும் கேட்டு நீங்கள் பெண்கள் ஒற்றுமையாகச் சாலையில் உட்கார்ந்தீர்கள். திருவனந்தபுரமே திரும்பிப் பார்த்தது. உங்களிடம் ஓட்டு இருந்தது அம்மா. முகாம் பெண் தணிக்கையன்று ஆளில்லை என்றாலே பணக்கொடைக்கு ஆபத்து.

கேள்வி: போர்தான் 2009இல் முடிந்துவிட்டதே, திரும்பிப் போகலாமே? (கோவை வாசகர்)

பதில்: போக விரும்பியவர்கள் போனார்கள், போகிறார்கள். அது அவர்கள் உரிமை. ஆழியாறில் பிறந்து, ஆழியாறில் படித்து, பொள்ளாச்சியில் வளைகாப்பு நடந்த பெண்ணை எந்த ஊருக்குத் திரும்பச் சொல்கிறீர்கள்?

கேள்வி: கேரளத்திடம் கற்க ஏதாவது உண்டா? (ஒற்றப்பாலம் வாசகர்)

பதில்: இரண்டு. 1998இல் தொடங்கிய குடும்பஸ்ரீ, பக்கத்து வீட்டுப் பெண்கள் சேர்ந்தால் பஞ்சாயத்தே அசையும் என்று காட்டியது. 2017இல் பெரும்பாவூரில் தொடங்கிய 'சங்ஙாதி', வடநாட்டுத் தொழிலாளிக்கு மலையாளம் கற்றுத் தந்தது. வந்தவனுக்கு எழுத்துக் கற்றுத்தரும் மனசு, வாளையார் சோதனைச்சாவடியில் வரியில்லாமல் இந்தப் பக்கம் வரட்டும்.

கேள்வி: உலகத்தில் அகதிகள் எத்தனை பேர் கல்லூரி போகிறார்கள்? (பொள்ளாச்சி மாணவர்)

பதில்: சில ஆண்டுகளுக்கு முன் நூற்றுக்கு ஒருவர். 2030க்குள் நூற்றுக்கு 15 பேராக்க வேண்டும் என்பது ஐ.நா. அகதிகள் முகமையின் இலக்கு. நம் முகாம்களில் கல்லூரிப் படி ஏறிய பெண்களைப் பார்த்தால், உலகம் வந்து பாடம் கேட்க வேண்டிய இடம் பூலுவப்பட்டி என்பேன்.

கேள்வி: எங்களைப் போன்ற ஆட்களால் என்ன செய்ய முடியும்? (நெம்மாரா வாசகி, ஓய்வுபெற்ற ஆசிரியை)

பதில்: ஓய்வுபெற்ற ஆசிரியை இந்தக் கேள்வியைக் கேட்கலாமா? நீங்கள்தானே தேவை! பழைய புடவை மூட்டையோடு போகாதீர்கள். முகாமுக்குள் போக அனுமதி வேண்டும். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் முறையாக எழுதிக் கேளுங்கள், அல்லது ஏற்கெனவே உள்ளே வேலை செய்யும் அமைப்போடு சேருங்கள். பத்தாம் வகுப்புக் கணக்கு, பிளஸ் டூ ஆங்கிலம், நேர்முகத் தேர்வுப் பயிற்சி: மூன்றுக்கும் ஆள் போதவில்லை. கம்பெனி வைத்திருக்கும் உங்கள் மாணவர்களுக்கு ஒரு போன் போடுங்கள். முகாம் முகவரியோடு வரும் விண்ணப்பத்தை ஒதுக்காமல், மற்றவர்களைப் போல அந்தப் பெண்ணையும் கூப்பிட்டு நேரில் பார்க்கச் சொல்லுங்கள். வகுப்பு மாலை ஆறு மணிக்கு டீச்சர், கடைசி பஸ்ஸுக்கு முன்னால் முடிந்துவிடும். போய் வாருங்கள்.