கேப்டன் க்வீக் கோழையா?

கேள்வி: ‘தி கெய்ன் மியூட்டினி’ படித்த நண்பர்கள் இரண்டு கட்சியாகிவிட்டார்கள். புயலில் கேப்டன் க்வீக்கிடமிருந்து கப்பலைப் பறித்தது சரியா? (வாசகர், தூத்துக்குடி)

பதில்: நாவலாசிரியர் ஹெர்மன் வூக்குக்குக் கிடைத்த 1952 புலிட்சர் பரிசைவிட இந்தச் சண்டைதான் பெரிய பரிசு! இரண்டாம் உலகப் போரில் கண்ணிவெடி அகற்றும் கப்பலில் வேலை பார்த்தவர் அவர். ராணுவ கோர்ட்டில் க்வீக் இரும்புக் குண்டுகளை உருட்டியபடி உளறும்போது, ‘தொலைந்தான்’ என்று துள்ளுவோம். கொஞ்சம் பொறுங்கள். கப்பலைப் பறித்த அதிகாரி மரிக்குக்கு விடுதலை வாங்கித் தந்த வக்கீல் கிரீன்வால்ட், வெற்றி விருந்தில் மதுவை வீசுவது இன்னொரு அதிகாரி கீஃபர் முகத்தில்! கலகத்தைத் தூண்டிவிட்டு, சாட்சி சொல்லும்போது நழுவியவன் அவன். மரிக் கப்பலைக் காப்பாற்றினான், க்வீக் பரிதாபத்துக்குரியவர். கோழை, கீஃபர்தான்.