மவுண்டன் சைக்கிளின் திணை இலக்கணம்

மலைக்கென்று பிறந்த வண்டி துறைமுகக் காற்றில் வாழ்வது திணைமயக்கம். கொழும்பு ஜிந்துப்பிட்டியில் பழைய இரும்புக்காரரிடம் மலிவாகக் கிடைக்கும் மவுண்டன் சைக்கிளின் எல்லா நோய்க்கும் முதற்காரணம் இதுவே. குறிஞ்சிப் பொருளுக்கு நெய்தலில் என்ன வேலை என்பார்க்கு விடை: குறிஞ்சித் தெய்வமாகிய முருகனே இங்கு கோயில் கொண்டிருக்கிறான். விவேகானந்தா மேடு என்று ஒரு மேடும் உண்டு. அது மேடா, மலையா என்பதைப் புலவரிடம் கேட்காதீர். தள்ளுவண்டி தள்ளும் நாட்டாமைமாரிடம் கேளும்.

இவ்வண்டியின் குலமுதல்வனும் பழைய சாமான் கடையில் கிடந்தவனே. 1970களில் கலிபோர்னியாவின் டமல்பையஸ் மலைப்பக்க இளைஞர் பழைய ஷ்வின் சைக்கிள்களைச் சில்லறைக்கு வாங்கித் திருத்தி, மண்பாதையில் உருட்டினர். 1976இல் தொடங்கிய ரீபேக் பந்தயத்தில் ஒருமுறை இறங்கினாலே பின்சக்கர பிறேக்கின் கிறீஸ் எரிந்து புகைந்துவிடும். 1977இல் ஜோ பிரீஸ் என்பவர் மலைக்கென்றே பிறேம் செய்தார். ஆகவே துருப்பிடித்ததை வாங்கித் திருத்துவது மரபு. வீட்டுக்காரி ஏசினால் இச்சூத்திரத்தைக் காட்டலாம்.

இனித் திணைகள். முதலாவது கைக்கிளை, ஒருதலைக் காமம். வாங்குபவர் மட்டுமே காதலிக்கிறார். "கொஞ்சம் எண்ணெய் விட்டா ஓடும் அண்ணே" என்று விற்பவர் சொல்வது வழிமொழிதல். 2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலத்தில் இதே வண்டி யானை விலை, குதிரை விலை விற்றது என்பதையும் அவர் சொல்லாமல் விடமாட்டார்.

நெய்தல், இரங்கல். செயினின் குரல் இது. இரும்பும் ஈரமும் ஒட்சிசனும் சேர்ந்தால் துரு. கடற்காற்றின் உப்பு அதை விரைவுபடுத்தும். மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துலக்கியபின் அளக்க வேண்டும். புதுச் செயினில் 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம். கால் அங்குலத்தில் பாதி கூடிவிட்டால் பற்சக்கரமும் தேய்ந்திருக்கும், இரங்கல் இரட்டிப்பாகும்.

குறிஞ்சி, புணர்தல். சீட்டைத் தாங்கும் அலுமினியக் குழாயும் இரும்பு பிறேமும் பிரியாதிருப்பது. நோய்களுள் தலையாயது இதுவே. உப்பீரம் தூது போக இரு உலோகங்களும் மின்கலமாகின்றன. அதில் அழிவது அலுமினியம். அழிந்தது வெள்ளை ஒட்சைட்டாகிப் பருத்து இடைவெளியை அடைக்கிறது. தோழி வந்தாலும் செவிலி வந்தாலும் பிரிக்க முடியாது. சூடு காட்டச் சொல்லும் பாஸ்மார் உண்டு, அக்கொள்கை ஏற்கத்தக்கதன்று. இரண்டும் சேர்ந்து சூடேறினால் அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இருமடங்கு விரியும், அணைப்பு இன்னும் இறுகும். ஊடுருவும் எண்ணெயை நாட்கணக்காக விட்டு, மீன்காரரிடம் ஐஸ் வாங்கிக் குழாய்க்குள் கொட்டித் திருகுவதே முறை. கோஸ்டிக் சோடா என்பார் ஒரு சாரார். அது அலுமினியத்தைத் தின்னும், இரும்பைத் தொடாது. கையையும் கண்ணையும் தொடும். எனவே கடைசி வழி, அதுவும் பட்டறையில்.

மருதம், ஊடல். இடப்பக்கப் பெடலின் மரை உலக வழக்குக்கு எதிர்த்திசை. கழற்றுவதாக நினைத்துத் திருகத் திருக அது இறுகும். பெரும்பாலான வண்டிகளில் வலப்பக்க அச்சுக் கிண்ணமும் இப்படியே முகம் திருப்பும். ஊடல் தீர்க்கும் வாயில், நீண்ட கைப்பிடி ஸ்பேனர்.

முல்லை, இருத்தல். மரை இளகும்வரை இருத்தல், டாம் வீதிக் கடைக்கு 26 அங்குல ரிம் வரும்வரை இருத்தல். "அடுத்த கிழமை வாங்க" என்பதே அங்கு பருவம் குறித்துச் சொல்லும் சொல். முல்லைக்குரிய கார்காலம் கொழும்பில் சொல்லாமல் வரும். துலக்கிய இரும்பு மறுபடி சிவக்கும்.

பாலை, பிரிதல். அச்சிலிருந்து கழன்ற குண்டுமணி கட்டிலுக்கடியில் ஓடுவது. மருந்தில்லை.

இறுதியில் பெருந்திணை, பொருந்தாக் காமம். வண்டி விலையைவிடக் கூடிய விலைக்கு முன்பக்க ஷொக் வாங்கி மாட்டுவது. இலக்கணம் இதை விலக்கும், டாம் வீதி வரவேற்கும். பிறேக் கட்டைக்கும் கம்பிக்கும் மட்டும் இவ்விலக்கு இல்லை. அவற்றைப் புதிதாகவே போட வேண்டும். மேட்டை விட்டு இறங்கினால் செட்டியார் தெருவின் நகைக்கடைக் கூட்டம் தொலைவில் இல்லை.