எல்லாருமே அட்மின்

2016-ல் ஜெர்மனிக்காரர் ஒருவர் மாஸ்டடான் சமூக வலையமைப்பைத் தொடங்கினார். தலைமை கிடையாது, அவரவர் சர்வருக்கு அவரவர் ராஜா. உலகம் வியந்தது. கோவை சரவணம்பட்டி அடுக்ககக்காரர்களுக்கு இதில் வியக்க என்ன இருக்குதுங்க?

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் முதலில் ஒரே அட்மின். சர்வாதிகாரம்! பிளாக்குக்கு ஒருவர் கேட்டோம், பிறகு மாடிக்கு ஒருவர். கடைசியில் எல்லாருமே அட்மின். சிறுவாணித் தண்ணீர்கூட ஊருக்குள் இவ்வளவு சமமாகப் பாய்ந்ததில்லை. 'அட்மின் மட்டுமே பதிவிடலாம்' என்று பூட்டும் வசதி 2018-லேயே வந்தது. பூட்டினோம், சத்தம் துளியும் குறையவில்லை. குட்மார்னிங் போட்டவரை ஒரு அட்மின் நீக்குவார், நீக்கியவரை இன்னொரு அட்மின். நீக்கப்பட்டவர்கள் தனிக் குழு காண்பார்கள். ஒரே மோட்டார் ரிப்பேரை இன்று நாலு குழுக்கள் விவாதிக்கின்றன. (இத்தனை அட்மின்களுக்கும் மேலே, 2014-ல் வாட்ஸ்அப்பையே விலைக்கு வாங்கிய ஃபேஸ்புக், இன்றைய மெட்டா, இருக்கிறது. பாவம், மோட்டார் விஷயத்தில் அவர்களுக்கு ஓட்டு இல்லை.)

தண்ணீர் லாரி வரும் நேரம் மட்டும் எந்தக் குழுவிலும் கிடைக்காது. அது வாட்ச்மேன் அண்ணனுக்குத்தான் தெரியும். அவரிடம் இருப்பதோ பட்டன் போன். அட்மின்கள் அனைவரும் கேட்டருகே வரிசையில் நிற்கிறோம்.

"ஏனுங்ண்ணா, லாரி எப்பங்க?"

"ஒவ்வொருத்தரா வாங்க. சொல்றனுங்க."