வீட்டுப் பட்டறை என்னும் ஆதுலசாலை: ஒரு கல்வெட்டு மறுவாசிப்பு

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், அப்பன் வேங்கடேசப் பெருமாள் கோயிலில், 11-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வீரராசேந்திர சோழன் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 15 கட்டில்கள் கொண்ட வீரசோழன் ஆதுலசாலையையும் அதன் பணியாளர்களையும் அது பட்டியலிடுகிறது: மருத்துவர், அறுவை செய்பவர், மூலிகையும் விறகும் கொண்டுவருவோர், தாதிகள், நாவிதர், தண்ணீர் கொண்டுவருபவர். அறிஞர்கள் இதை மருத்துவமனை என்றே வாசித்துவிட்டார்கள். கொல்லைப்புறத்தில் கார் பாகம் வார்க்கும் எவரையும் அவர்கள் சந்தித்ததில்லை போலும்.

சான்றுகளுக்கு வருவோம். நோயாளி, சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு காரின் அரித்துப்போன தெர்மோஸ்டாட் மூடி என்று கொள்க. புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் அலைந்தால் ஒருவேளை கிடைக்கும். அமெச்சூர் அலையமாட்டார். கிடைத்துத் தொலைத்தால் வரப்போகும் ஞாயிற்றுக்கிழமைகளை என்ன செய்வது?

ஆகவே அவரே மருத்துவர். மூடியை மரத்தில் செதுக்குகிறார். அலுமினியம் இறுகி ஆறும்போது நூற்றுக்கு ஒரு பங்குக்குச் சற்று மேலாகச் சுருங்கும் என்பதால், மாதிரியை அந்த அளவு பெரிதாக்குகிறார். அடுத்து மண். மூன்று ஆறுகள் சேர்ந்து கொண்டுவந்து கொட்டிய மணல் வாசலிலேயே கிடந்தும் பயனில்லை. களிப்பற்று இல்லாத மணல் அச்சில் நிற்காமல் உதிரும். பென்டோனைட் களிமண் கலந்து பிசைய வேண்டும். சிலை வார்க்கும் சுவாமிமலை ஸ்தபதிகளுக்குக் காவிரி வண்டல் வாய்த்தது. அது அவர்கள் கொடுப்பினை.

மூலிகை, பழைய பிஸ்டன். அதிலுள்ள சிலிக்கானால் உருகிய உலோகம் அச்சின் மூலைமுடுக்கெல்லாம் ஓடும். பாத்திர அலுமினியம் அப்படி ஓடாது. பல வீடுகளில் இட்லிப் பானை இன்னும் உயிரோடிருப்பதற்கு உலோகவியலே காரணம், இல்லறம் அல்ல. தூய அலுமினியம் உருக 660 டிகிரி செல்சியஸ் வேண்டும். விறகு கொண்டுவருவோரின் தேவை இங்கே விளங்கும். தண்ணீர் கொண்டுவருபவரைத் தெருக்கோடியில் நிறுத்துக. உருகிய உலோகத்துக்கடியில் சிறிது ஈரம் சிக்கினாலும் ஆவி வெடித்துச் சிதறும். சிதறியபின் தாதிகளுக்கு வேலை வரும்.

நாவிதர் யாரென்பதில் இதுவரை குழப்பமே நிலவியது. வார்ப்பின் பிசிறை அரத்தால் மழிப்பவர் அவர். அறுவை செய்பவர் எப்போதும் வெளியாள்: காஞ்சிபுரம் லேத் பட்டறைக்காரர். கொண்டுபோன பொருளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “யார் சார் ஊத்துனது?” என்பார்.

சோழர் காலத்தில் கார் ஏது என்று கேட்பார்கள். தேர் இருந்தது, அது போதும். மேலும், ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கிக் கழற்றிப்போட்டுப் பார்த்த ஜி.டி. நாயுடுவும், மாருதி 800 என்ஜினைக் கொண்டு பந்தயக் கார் கட்டிய எஸ். கரிவரதனும் கோவைக்காரர்களாக இருந்ததால் மட்டுமே திருமுக்கூடல் மரபு கொங்கு மரபாகத் தவறாகப் பதிவாகிவிட்டது.

பிரேக், ஸ்டீயரிங், சக்கரத்தைத் தாங்கும் பாகங்கள் ஆகியவற்றை மட்டும் இந்த ஆதுலசாலையில் சேர்க்கக் கூடாது. இதில் கேலி இல்லை. வார்ப்புக்குள் ஒளிந்த காற்றுக்குமிழி மேலே எவ்வளவு மழித்தாலும் தெரியாது. அது தெரியவரும்போது கார் சாலவாக்கம் சாலையில் ஒரு ஜல்லி லாரிக்குப் பின்னால் போய்க்கொண்டிருக்கும்.